ஆவுளியா உழும் புல்வெளி

மல்லிப்பட்டினம், கட்டுமாவடிப் பக்கம் கரையோரம் நடந்தால், நாடா போன்ற பச்சை இலை காலில் சிக்கும். பலர் அதைப் பாசி என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். பாசிக்கு வேரும் பூவும் கிடையாது. இதற்கு இரண்டும் உண்டு. கடற்புல், கடல்தாழை என்று சொல்லப்படும் இது, தரையில் வாழ்ந்த பூச்செடிகளின் வழிவந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிய தாவரம்.

தேனீ இல்லாத இடத்தில் எப்படிக் காய்க்கிறது? பெரும்பாலான கடற்புற்களின் மகரந்தம் நூலிழைபோல் நீண்டு, நீரோட்டத்தோடு போய்ச் சூல்முடியில் சிக்கிக்கொள்ளும். நீண்ட இலை கொண்ட ஒரு வகையின் வழியோ எனக்கு இன்னும் வியப்பு. அதன் ஆண்பூக்கள் செடியைவிட்டுக் கழன்று, வெள்ளை வெள்ளையாக நீர்மட்டத்தில் மிதக்கும். ஓதம் இறங்கி நீர்மட்டம் தாழும்போது பெண்பூ மேல்மட்டத்தை எட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

வேரின் பாடுதான் பெரிது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது, அது வேருக்கு நஞ்சு. பகலில் இலை உண்டாக்கும் ஆக்சிஜன், உள்ளிருக்கும் காற்றறைகள் வழியே வேருக்கு இறங்கி, சுற்றிலும் கசிந்து நஞ்சை முறிக்கிறது. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி சேற்றைக் கலக்கி வெளிச்சத்தை மறைத்தால், இலை வாடுவதோடு வேரும் மூச்சுத் திணறும்.

இந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டும் கடற்குதிரையும் ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீனும் பச்சை ஆமையும் இதைக் கொறிக்கின்றன. யானைக்கு உறவான ஆவுளியா, அதாவது கடற்பசு, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். வேரோடு பிடுங்குவதால் அது மேய்ந்த தடம் ஏர் ஓட்டிய சால்போல் கிடக்கும். அந்தச் சாலில் முதலில் முளைப்பவை, வேகமாக வளரும் சிறிய புல் வகைகள். ஆவுளியாவுக்கு அவைதான் விருப்பமான தீனி. அதன் சாணத்தில் கடற்புல் விதைகள் முளைக்கும் நிலையிலேயே வெளிவருவதை ஆஸ்திரேலியாவில் கண்டிருக்கிறார்கள். தன் மேய்ச்சல் நிலத்தைத் தானே உழுது விதைக்கும் விலங்கு என்று சொன்னால் மிகையில்லை.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஈற்றுக்கு ஒரே குட்டி, ஓராண்டுக்கும் மேலான சினைக்காலம், அடுத்த குட்டிக்குப் பல ஆண்டு இடைவெளி என்பதால் ஒவ்வோர் ஆவுளியாவின் சாவும் பேரிழப்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டிய விலங்கு இது; வலையில் சிக்கினால் அதிக நேரம் தாங்காது. அப்படிச் சிக்கியதைப் பார்த்ததும் வலையை அறுத்து விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அறுந்தது அவர்கள் பிழைப்புக்கான வலை.