இணை ஓடுபாதையும் அலைவரிசைக் குழப்பமும்: விதி சொல்வது என்ன?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மக்கள் விமானம் ஏறும் திருச்சியிலும் மதுரையிலும் புழக்கத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. ஆனால் நம் உறவுகள் தலைமுறைகளாக இருக்கும் கோலாலம்பூர், சிங்கப்பூரிலும், டெல்லி, பெங்களூரிலும் ஓடுபாதைகள் பக்கம் பக்கமாக உள்ளன. விமானியாகவோ வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகவோ ஆகப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், இப்படி அருகருகே இறங்கும்போது விமானி எந்த ரேடியோ அலைவரிசையில் இருக்க வேண்டும் என்ற விதியை எண்களோடு தெரிந்துகொள்வது நல்லது.

தகுந்த ரேடார் இருந்து, இரு ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கு இடையே குறைந்தது 1,035 மீட்டர் இருந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்கள் இறங்கி வரலாம் என்கிறது சர்வதேச விதி. நடுவே குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு எந்த விமானமும் நுழையக் கூடாத பட்டை இருக்கும். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனி ரேடார் கண்காணிப்பாளர் உண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,035-இல் 610 போனால் பக்கத்துக்கு 212 மீட்டர்தான் மிச்சம். 150 நாட் (மணிக்குச் சுமார் 278 கி.மீ.) வேகத்தில் வரும் விமானம் 30 டிகிரி விலகினால் ஐந்தாறு நொடிகளில் அந்தப் பட்டைக்குள் நுழைந்துவிடும். அந்த நொடியில் பக்கத்து விமானத்துக்கு 'திரும்பு, மேலே ஏறு' என்று கண்காணிப்பாளர் ஆணையிட வேண்டும். அவருக்குத் தனி அலைவரிசை இல்லாவிட்டால், அந்தந்த ஓடுபாதையின் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) அலைவரிசையில் குறுக்கிட்டுப் பேசும் வசதி தரப்பட்டிருக்க வேண்டும். விமானம் தவறான டவரில் இருந்தால் அந்த ஆணை விமானியின் காதில் விழவே விழாது. ஆபத்து முழுவதும் இங்கேதான்.

அதனால்தான், தனி அலைவரிசை இல்லாத இடத்தில், அடுத்தடுத்த பாதைகளில் வரும் இரு விமானங்களில் எதுவும் இறங்குசரிவை (ஓடுபாதை நோக்கிச் சாய்வாக இறங்கும் வழியை) பிடிக்கும் முன்பே இரண்டையும் அதனதன் டவருக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி கறாராகச் சொல்கிறது. புதிதாகக் கொடுத்த அலைவரிசையை விமானி திருப்பிச் சொல்வதும் கட்டாயம். 'கேட்டுக்கொண்டேன்' என்ற பொருளில் வெறும் 'ரோஜர்' சொன்னால் போதாது. திருப்பிச் சொன்னதைக் கேட்டுச் சரிபார்ப்பது கட்டுப்பாட்டாளரின் கடமை. ஃபைவ், நைன் இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்பதால் 'ஃபைஃப்', 'நைனர்' என்றே உச்சரிக்க வேண்டும். இதை ஆரம்பத்திலிருந்தே வாயில் பழக்கிவிடுங்கள்.

பேச்சு அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியில், ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒன்றைச் சரியாக வைத்து மற்றொன்றில் பிசகுவது உண்டு, குறிப்பாகக் கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றிச் சொல்லும்போது. எண்ணை மட்டும் நம்பாமல் ஐ.எல்.எஸ். அனுப்பும் மோர்ஸ் அடையாள எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும். விமானப் பேச்சு ஏ.எம். (வீச்சுப் பண்பேற்றம்) முறையில் நடப்பதால், இருவர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால் கிறீச்சொலிதான் மிஞ்சும். அலைவரிசையை மாற்றியதும் ஓரிரு நொடி கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

புது அலைவரிசையில் பதிலே இல்லையென்றால் உடனே பழையதற்குத் திரும்பிக் கேளுங்கள். எங்குமே தொடர்பு கிடைக்காவிட்டால் ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ பழுது என்பதைச் சொல்லும் 7600-ஐ வையுங்கள்.

விமானி ரேடியோவில் பேச ஆர்.டி.ஆர். என்ற ரேடியோ இயக்குநர் சான்றிதழ் வேண்டும். முன்பு தொலைத்தொடர்புத் துறை வழங்கியது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் சட்டம் இப்பொறுப்பை டி.ஜி.சி.ஏ.வுக்கு (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு) மாற்றியுள்ளது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களை வைத்து விண்ணப்பிக்காமல் டி.ஜி.சி.ஏ. அறிவிப்பைப் பாருங்கள்.