கங்காருவுக்கு ரொட்டி கொடுக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில் விலங்குகளைக் கம்பிக்கு அப்பால் நின்று பார்க்காமல், அவை உலவும் இடத்துக்குள்ளேயே நடந்து பார்க்கக்கூடிய பூங்காக்கள் நிறைய உண்டு. போர்ட் டக்ளஸில் வைல்ட்லைஃப் ஹேபிடாட், அடிலெய்டை ஒட்டிய மலையில் கிளீலண்ட், மெல்போர்னுக்கு வெளியே ஹீல்ஸ்வில். இங்கெல்லாம் வேலி செய்யும் வேலையைப் பார்வையாளரே செய்தாக வேண்டும். அதில் பெரும்பாலும் கோட்டைவிடுவது தீனி விஷயத்தில்தான்.

நுழைவாயிலில் விற்கும் பெல்லட் தீவனத்தைத் தவிர வேறு எதுவும் கங்காருவுக்கு வேண்டாம். ரொட்டி, பிஸ்கட், சிப்ஸ், நறுக்கிய ஆப்பிள் எதுவுமே கூடாது. மாட்டைப் போலவே கங்காருவும் புல்லை இரைப்பையின் முன்பகுதியில் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்துச் செரிக்கிறது. மாவுப்பொருள் அங்கே வேகமாகப் புளித்து அமிலத்தைக் கூட்டிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து வாயில் இருக்கிறது. மென்மையான உணவு ஈறில் ஒட்டிக்கொள்ளும். ஈறில் சிறு கீறல் இருந்தால் சாணம் கலந்த மண்ணிலுள்ள பாக்டீரியா அதன் வழியே தாடை எலும்புவரை இறங்கும். தாடை வீங்கும், எச்சில் ஒழுகும், தின்ன முடியாமல் உடல் இளைக்கும். ‘லம்பி ஜா’ என்று பராமரிப்பாளர்கள் சொல்லும் இந்த நோய் வந்துவிட்டால் பல்லைப் பிடுங்கி, நீண்ட காலம் மருந்து கொடுத்தாலும் திரும்ப வரக்கூடும். தரையில் தீவனத்தைக் கொட்டாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

தீவனப் பையைக் கங்காரு பார்க்கும்படி பிடிக்காதீர்கள். முன்னங்கைகளால் பற்றி இழுத்துக் காகிதத்தோடு சேர்த்துத் தின்றுவிடும். ஒரு சிறு பிடியை விரித்த உள்ளங்கையில் வைத்து, அதன் மார்பு உயரத்தில் நீட்டினால் போதும். தடவ வேண்டுமென்றால் மார்பையோ தோளையோ தடவலாம். தலை, வால், வயிற்றுப்பை பக்கம் கை போகக் கூடாது. பையிலிருந்து குட்டி எட்டிப் பார்க்கும்போது பத்துப் பேர் போனோடு சூழ்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. மிரண்ட தாய் ஓடும்போது பையின் தசை தளர்ந்து குட்டி வெளியே விழுவதுண்டு. தள்ளுவண்டியில் குழந்தையின் தின்பண்டம் திறந்திருந்தால் கங்காருவின் தலை உள்ளே நுழையும். டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

விரட்டுவது விளையாட்டல்ல. பயந்து தறிகெட்டு ஓடிய கங்காருவின் தசைநார்கள் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்த விலங்கு சில நாள் கழித்துச் செத்துப்போகலாம். ‘கங்காருக்கள் ஓய்வெடுக்கும் இடம்’ என்ற பலகைக்கு அப்பால் பிள்ளைகளை விடாதீர்கள். சிவப்புக் கங்காருவில் முதிர்ந்த ஆண் 85 கிலோவரை இருக்கும். கால்விரல் நுனியில் நிமிர்ந்து நின்று மார்பைச் சொறிந்துகொண்டால் அது சண்டைக்கு அழைக்கிறது. நீங்களும் நிமிர்ந்து முறைத்தால் அழைப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும். உடலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பி, ஓடாமல் மெதுவாக விலகுங்கள்.

லோரிகீட் கிளிகளின் கதை வேறு. அவற்றின் நாக்கு நுனியில் தூரிகை போன்ற நுண்முடிகள் உண்டு. தேனும் மகரந்தமும் நக்கித் தின்னவே அமைந்த நாக்கு அது. புரதம் மகரந்தத்திலிருந்து கிடைக்கிறது. வீட்டு பால்கனியில் சர்க்கரைத் தண்ணீரோ தேன் தடவிய ரொட்டியோ வைத்தால் இனிப்பு மட்டும் கிடைக்கும். வெயிலில் சில மணி நேரத்தில் அது கெட்டும் போகும். ஒரே தட்டில் பல பறவைகள் கூடுவதால் எச்சத்தின் மூலமும் இறகுத் தூசியின் மூலமும் அலகு‑இறகு நோய் பரவுகிறது. கிளிகளுக்கு ஊட்டும் ஆசை இருந்தால் புதிதாகக் கலந்த தீனியைப் பூங்காவே தரும் நேரத்தில் போங்கள்.

பறக்காத பெரிய பறவையான கசோவரிக்குப் பூங்காக்களில் எப்போதும் வேலி உண்டு. அதன் காலின் உள்விரல் நகம் 12 செ.மீ. வரை வளரும். ஆனால் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டெயின்ட்ரீ காட்டுச்சாலையில் வேலி இல்லை. குயின்ஸ்லாந்தில் மனிதர்மீது நடந்த 150 தாக்குதல்களை ஆராய்ந்ததில், ஏறக்குறைய முக்கால்வாசி முன்பு மனிதரிடம் தீனி வாங்கிப் பழகிய பறவைகளால் நேர்ந்தவை. அங்கே கசோவரிக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

கோலாவைத் தூக்கிப் படம் எடுக்க நியூ சவுத் வேல்ஸில் அனுமதியில்லை. குயின்ஸ்லாந்தில் உண்டு, ஆனால் ஒரு கோலாவுக்கு நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 180 நிமிடம் என்று வரம்பு இருக்கிறது. அங்கே பிரிஸ்பேனில் உள்ள லோன் பைன் கோலா சரணாலயம் 2024-இல் தானாகவே இதை நிறுத்திவிட்டது. எங்களுக்கு அதுவே சரியாகப் படுகிறது. பக்கத்தில் நின்று எடுத்தாலும் படம் படம்தான். காதுகளைப் படபடவென்று அசைத்தாலோ, கிளையில் இடம் மாறிக்கொண்டே இருந்தாலோ விலகிவிடுங்கள்.

வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. மரத்தடியில் பழந்தின்னி வௌவால் விழுந்து கிடந்தால் பரிதாபப்பட்டுத் தொடாதீர்கள், ஊழியரிடம் சொல்லுங்கள். ரேபிஸின் உறவான லிசா வைரஸ் இந்த வௌவால்களில் 1996-இல் கண்டறியப்பட்டது. சிறு கீறல் பட்டாலும் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம்மூரில் நாய்க்கடிக்குப் போடும் ரேபிஸ் தடுப்பூசிதான் இதற்கும் போடுவார்கள்.