பாஸ்டர் – மேய்ப்பர்

பாம்பன், மண்டபம் பக்கத்துச் சபைகளில் 'பாஸ்டர் ஐயா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அழைப்பிதழ் அச்சடிக்கும்போது மட்டும் அது 'போதகர்' ஆகிவிடும். நல்ல சொல்தான், ஆனால் அது பாஸ்டருக்கு நேர்ச்சொல் அல்ல.

லத்தீனில் 'பாஸ்டோர்' என்றால் ஆடு மாடு மேய்ப்பவர். தீனி கொடுப்பது, மேய விடுவது என்ற பொருளுள்ள 'பாஸ்கெரே' என்ற வினையிலிருந்து வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதற்கு 'பொய்மேன்'. எபேசியர் 4:11-ல் "சிலரை மேய்ப்பராகவும் போதகராகவும்" என்று தமிழ் வேதாகமமே இரண்டு சொல்லாகத் தருகிறது. போதகர் சொல்லிக்கொடுப்பவர், மேய்ப்பர் பசி பார்ப்பவர். சொல்லிக்கொடுப்பதும் மேய்ப்பரின் வேலையில் ஒரு பங்குதான். ஆனால் அதை மட்டும் வைத்துப் பெயரிட்டால், வீடு தேடிப் போவதும் நோயாளியின் பக்கத்தில் உட்காருவதும் கூடுதல் வேலை போல ஆகிவிடுகின்றன.

இந்தச் சொல்லை இயேசு யாரிடம் ஒப்படைத்தார் என்று பார்க்க வேண்டும். இயேசுவின் சீடர் பேதுரு மீன்பிடிக்காரர். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி, "அவரைத் தெரியாது" என்று மூன்று முறை சொன்னவர். அப்புறம் திபேரியா ஏரிக்கரையில், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத விடியலில், மறுபடியும் ஒரு கரிநெருப்பு. யோவான் தம் நற்செய்தியில் 'கரிநெருப்பு' என்ற சொல்லை இந்த இரண்டு இடங்களில்தான் எழுதுகிறார். இந்த முறை நெருப்பை மூட்டியிருந்தவர் இயேசு. அதன்மேல் மீனும் இருந்தது. முதலில் சாப்பிட வைத்தார், பிறகுதான் கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வியே இல்லை. "என்மேல் அன்பாயிருக்கிறாயா" என்பதையே மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனசு வலித்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கிடைத்தது: என் ஆடுகளை மேய். லத்தீன் வேதாகமத்தில் அந்தக் கட்டளை 'பாஸ்கே', அதே வினை. பாஸ்டர் என்ற பெயருக்குள் இந்த மன்னிப்பு இருக்கிறது. அதனால்தான் அதை வெறும் பதவிப்பெயராகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

வலைக்காரருக்கு மேய்ப்பு வேலையா என்று கடற்கரை ஆட்கள் கேட்கலாம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொழில்தான். கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் கீதாரிகள். மந்தையைத் தஞ்சாவூர்ப் பக்கம் வரை ஓட்டிப்போய், அறுத்த வயலில் கிடை போட்டு, ராத்திரியில் ஆடுகளோடேயே படுப்பவர்கள். பேதுரு தன் முதல் கடிதத்தில் (5:4) 'பிரதான மேய்ப்பர்' என்று கிறிஸ்துவைச் சொல்கிறாரே, அதை இவர்கள் பேச்சில் சொன்னால் தலைமைக் கீதாரி.

மந்தையோடு நின்றவர் இந்தக் கரையிலும் உண்டு. இத்தாலியக் குரு அந்தோணி கிரிமினாலி 1549-ல் மண்டபத்தை அடுத்த வேதாளையில், தாக்குதலுக்குத் தப்பத் தம் மக்களைக் கப்பலேற்ற முயன்றபோது கொல்லப்பட்டார்.

சரி, எதை எழுதுவது? 'ஆயர்' பழைய முல்லை நிலச் சொல், அழகானதும்கூட. ஆனால் கத்தோலிக்கரிடம் அது மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கிறது. சிவகங்கை ஆயர் என்றால் இங்கே வேறு பொருள் வராது. ஆகவே பாஸ்டருக்கு 'மேய்ப்பர்' அல்லது 'சபை மேய்ப்பர்'. அவர் செய்வது 'மேய்ப்புப்பணி'. பிரசங்கிக்க வருகிற விருந்தினரைப் 'போதகர்' என்றே எழுதலாம்.