எஃப்.எஸ்.எச். அதிகமா? ஒய் குரோமோசோமையும் பாருங்கள்

போன மாதம் வந்த தம்பதி, மூன்று இடங்களில் எடுத்த பரிசோதனை அறிக்கைகளைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார்கள். கணவரின் விந்தில் ஓர் அணுகூட இல்லை. எஃப்.எஸ்.எச். 24 என்றிருந்த இடத்தில் யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டு, 'வாய்ப்பில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் அவர் தாளை நீட்டினார்.

அப்படி எழுதியது தவறு. விரைகளை வேலைவாங்க மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்தி சரிந்தால் அதன் அளவு ஏறும். ஆனால் ஏதோ ஒரு மூலையில் சில நுண்குழாய்களில் மட்டும் உற்பத்தி நடந்துகொண்டிருந்தால், அதை இந்த எண் சொல்லாது. அந்தக் குழாய்களை நுண்ணோக்கியில் தேடியெடுக்கும் மைக்ரோ டீசி அறுவை சிகிச்சையை 1999-இல் நியூயார்க் மருத்துவர் பீட்டர் ஷ்லெகல் விவரித்தார். எஃப்.எஸ்.எச். ஏறியவர்களுக்கும் அதில் விந்தணு கிடைக்கிறது. அளவு சரியாக இருந்தும், அணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்றுபோய், வெறுங்கையுடன் திரும்புபவர்களும் உண்டு.

எஃப்.எஸ்.எச்., அதே சுரப்பி அனுப்பும் இன்னொரு ஹார்மோனான எல்.எச். இரண்டுமே மிகக் குறைந்திருந்தால் கதை வேறு. ஹார்மோன் ஊசியிலேயே பலருக்கு விந்தணு வந்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உற்பத்தியை நிறுத்துவதே அந்த ஊசிதான்.

'இல்லை' என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒய் குரோமோசோம் பரிசோதனை. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய மரபணுக்கள் அந்தக் குரோமோசோமின் ஏ.இசட்.எஃப். என்ற பகுதியில் உள்ளன; அதற்கு ஏ, பி, சி என மூன்று பிரிவுகள். ஏ அல்லது பி முழுவதுமாக இல்லையென்றால், அறுத்துத் தேடியும் பயனில்லை. சி மட்டும் இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. ஓர் எக்ஸ் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்கும் கிட்டத்தட்ட அதே வாய்ப்பு; அதைக் காட்டுவது குரோமோசோம் பரிசோதனை. இரண்டுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். இதைச் செய்யாமலே நகையை அடகுவைத்து அறுவை சிகிச்சை முடித்து, பிறகு 'ஏ' பிரிவே இல்லை என்று அறிந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

துணிப்பைத் தம்பதிக்குச் 'சி' இல்லை என்று வந்தது.

"பையன் பிறந்தால் அவனுக்கும் இது வருமா, டாக்டர்?" என்றார் மனைவி.

மகனுக்குக் கட்டாயம் வரும், மகளுக்கு வராது என்றேன். இருவரும் வராந்தாவில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்கள்.

"தேதி குறித்துக் கொடுங்கள், டாக்டர்" என்றார் கணவர். "பையனாக இருந்தால், அவனுக்கு வயது வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன்."