முக நரம்பைக் காதால் கேட்டு நடத்தும் அறுவை சிகிச்சை

மண்டையோட்டின் அடிப்பகுதி துளைகள் நிறைந்த எலும்புத் தளம். கண், முகம், காது, தொண்டை, நாக்கு என்று மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் இந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே போகின்றன. இந்த இடத்தில் வளரும் கட்டி புற்றாக இல்லாவிட்டாலும் ஆபத்தானது, ஏனென்றால் ஏதாவது ஒரு நரம்பை நெருக்காமல் அது வளரவே முடியாது.

செவி நரம்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம். 8-ஆவது மூளை நரம்பில், உடலின் சமநிலையைக் கவனிக்கும் பிரிவைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களிலிருந்து இது மெதுவாக வளர்கிறது. அதே குறுகிய எலும்புக் குழாய்க்குள் ஒட்டினாற்போல 7-ஆவது நரம்பான முக நரம்பும் ஓடுகிறது. கண்ணை மூடுவதற்கும், சிரிப்பதற்கும், குடிக்கும் தண்ணீர் வாயோரம் வழியாமல் இருப்பதற்கும் இந்த நரம்பு வேண்டும். கட்டி பெரிதாகும்போது முக நரம்பு நசுங்கி, கட்டியின் மேல் பரவிய மெல்லிய படலமாகிவிடும். அப்போது நுண்ணோக்கி வழியாகப் பார்த்தாலும் எது நரம்பு, எது கட்டியின் உறை என்று பிரித்தறிவது மிகவும் கடினம். கண்ணால் முடியாத அந்த வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்வதுதான் நரம்புக் கண்காணிப்பு.

யோசனை பழையதுதான். 1898-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஃபெடோர் கிராவுஸே, தீராத காது இரைச்சலுக்காகச் செவி நரம்பை வெட்டும்போது, பக்கத்திலிருந்த முக நரம்பை மின்சாரத்தால் தூண்டி முகம் துடிப்பதைக் கவனித்தார். அதற்குப் பிறகும் வெகுகாலம், நோயாளியின் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து துடிப்பைச் சொல்வதுதான் வழியாக இருந்தது. 1970-களின் இறுதியில் தசை மின்பதிவு, அதாவது இ.எம்.ஜி., இந்த அறுவை சிகிச்சைக்குள் வந்தது. 1991 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, செவி நரம்புக் கட்டி அறுவையில் முக நரம்பைக் கண்காணிப்பதன் பலன் உறுதியாகிவிட்டது என்று முடிவு சொன்னது.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? மயக்கம் கொடுத்த பிறகு, கண்ணை மூடும் தசையிலும் உதட்டைச் சுற்றியுள்ள தசையிலும் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகுகிறார்கள். தசையில் எழும் மின்னோட்டத்தைக் கருவி பெருக்கி, திரையில் அலையாகவும் ஒலிபெருக்கியில் சத்தமாகவும் தருகிறது. சத்தமாகத் தருவதில்தான் பயன் அதிகம். அறுவை மருத்துவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே நரம்பின் நிலையைத் தெரிந்துகொள்வார்.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சும்மா கேட்டுக்கொண்டிருப்பது. நரம்பில் கருவி பட்டால் ஓரிரு குறுகிய வெடிப்பொலிகள் வந்து அடங்கிவிடும். அதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நரம்பு இழுபட்டாலோ சூடுபட்டாலோ அதிக அதிர்வெண்ணில், சீராக, நிற்காமல் ஒலி தொடரும். இந்த வகைத் தொடர் ஒலி நீண்ட நேரம் கேட்டால் பிறகு முகவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொன்று, நரம்பிடம் கேள்வி கேட்பது. ஒரு கம்பி போன்ற ஆய்வுமுனையால் கட்டியின் மேற்பரப்பை இடம் இடமாகத் தொட்டு, சிறிய மின்னோட்டம் செலுத்துவார்கள். முகத் தசை பதில் தராத இடத்தில் வெட்டலாம். பதில் வந்தால் அருகில் நரம்பு இருக்கிறது. பதில் வரும் நேரத்தைக் கொண்டு எந்த நரம்பு என்றும் தெரியும். மெல்லும் தசைக்குப் போகும் 5-ஆவது நரம்பைத் தொட்டால் சுமார் 3, 4 மில்லி விநாடியில் பதில் வந்துவிடும், முக நரம்புக்கு அதைவிடக் கூடுதல் நேரமாகும். கட்டியை எடுத்து முடித்ததும், மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு கிளம்பும் இடத்தில் தூண்டிப் பார்ப்பார்கள். 0.05 மில்லி ஆம்பியர் போன்ற மிகக் குறைந்த மின்னோட்டத்துக்கே முகம் துடித்தால் நல்ல அறிகுறி.

கேட்கும் திறனைக் காப்பது இன்னும் நுணுக்கமான காரியம். காதுக்குள் சொடுக்கொலிகளை அனுப்பி, முதல் 10 மில்லி விநாடிக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் ஐந்து அலைகளைத் தலைத்தோலிலிருந்து பதிவு செய்கிறார்கள். இவற்றின் உயரம் ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது. மூளையின் மற்ற மின்னலைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் ஆயிரம் சொடுக்குகள் வரை கொடுத்துச் சராசரி எடுத்தால்தான் அலை தலைகாட்டும். நொடிக்கு 20 சொடுக்கு என்றால் ஒரு பதிலுக்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் போய்விடும், அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கலாம். 5-ஆவது அலை பாதியாகக் குறைந்தாலோ, ஒரு மில்லி விநாடி தாமதித்தாலோ எச்சரிக்கை கொடுப்பது வழக்கம். உடனே இழுவையைத் தளர்த்தி, வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுக் காத்திருப்பார்கள். பல நேரங்களில் அலை திரும்பி வரும்.

கட்டி இன்னும் கீழே இருந்தால் விழுங்கும் நரம்புகளும் குரல் நரம்பும் ஆபத்தில் இருக்கும். அங்கே மூச்சுக்குழாயில் போடும் குழாயிலேயே மின்முனைகள் பொருத்தி, குரல்நாண்களின் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். நாக்கிலும் தோள் தசையிலும்கூட ஊசிகள் போகும்.

மயக்க மருத்துவரின் ஒத்துழைப்பு இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. தசைகளைத் தளர்த்தும் மருந்து உடம்பில் இருந்தால் நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசை அசையாது. எனவே குழாய் போடுவதற்கு மட்டும் சீக்கிரம் அடங்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் புரோப்போஃபால், ரெமிஃபென்டனில் போன்ற மருந்துகளால் நோயாளியை அசையாமல் வைத்திருக்கிறார்கள்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவியை இயக்கும் நேரத்தில் அதன் இரைச்சல் எல்லாப் பதிவையும் மூழ்கடித்துவிடும். நரம்புக்குச் சூடு படக்கூடிய நேரமும் அதுவே. கூரான கத்தரி ஒரே வெட்டாக நரம்பை வெட்டினால் ஒலிபெருக்கி எதுவும் சொல்லாமலே போகலாம். அதனால் சத்தம் இல்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டுத் தூண்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் பார்வையில் கண்காணிப்பு கொண்டுவந்த பெரிய மாற்றம், எங்கே நிறுத்துவது என்ற முடிவை எளிதாக்கியதுதான். கட்டி நரம்போடு ஒட்டிப் பிரிய மறுக்கிறது, எச்சரிக்கை ஒலி அடங்கவில்லை, தூண்டத் தேவையான மின்னோட்டமும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், நரம்பின் மேல் ஒரு மெல்லிய துண்டை விட்டுவிட்டு மருத்துவர் நிறுத்தலாம். மிச்சத்தை எம்.ஆர்.ஐ. மூலம் தொடர்ந்து கவனித்து, வளர்ந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம். முகத்தை இழந்து முழுக் கட்டியையும் எடுப்பதைவிட இதுவே நல்லது என்று நினைக்கிறேன்.

அறுவை முடியும்போது நரம்பு நன்றாகப் பதில் தந்தாலும், சில நாள் கழித்து வீக்கத்தால் முகம் கோணுவது உண்டு. இப்படித் தாமதமாக வரும் முகவாதம் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிடும். அதுவரை மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் களிம்பும் தவறாமல் போட வேண்டும், தூங்கும்போது இமையை மூடி ஒட்ட வேண்டும்; கருவிழி வறண்டு புண்ணானால் பார்வையே கெடலாம்.