செக்குபந்தியில் இருந்த வாய்க்கால்

கோத்தகிரி கடைவீதியில் ஒரு மளிகைக் கடை. முன்னால் ஷட்டர், மேலே தகரக் கூரை, உள்ளே அரிசி மூட்டைகள். கடைக்காரரின் தாத்தா காரமடையிலிருந்து மலையேறி வந்து வாங்கிய கட்டடம். ஒரு மழைக்காலத்தில் அவர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, பின்சுவத்துல இடுப்பு உசரத்துக்கு ஓதம் ஏறுதுங்க. மூட்டையெல்லாம் பூஞ்சை பிடிக்குது. வந்து பாத்தவங்க இடிச்சுட்டுப் புதுசா கட்டிருங்கன்னு சொல்றாங்க. நீங்க ஒருக்கா பாருங்க."

நான் கட்டட வடிவமைப்பாளர். கூடவே மலையூர்களின் பழைய ஆவணங்களையும் தேடிப் படிப்பவள். வெகுகாலம் இரண்டையும் தனித்தனி வேலையாகத்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது இந்தக் கடைதான்.

முதலில் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். மேலே எண்ணெய் பெயின்ட், அதற்கடியில் ஒரு அங்குலத்துக்கு சிமென்ட், அதற்கும் உள்ளே கல். கற்களுக்கு நடுவே இருந்த மண்சாந்து பிசைந்த மாவு மாதிரி விரலில் ஒட்டியது. "மழ மழன்னு இருக்கட்டும்னு பத்து வருசம் முன்னாடி நாங்கதான் சிமென்ட் பூசினோம்" என்றார் கடைக்காரர். ஓதமும் அதற்கு அப்புறம்தான் அதிகமாகியிருக்கிறது.

நீலகிரியின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கல்லை மண்சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். இந்தச் சுவர்கள் ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை. மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் சுண்ணாம்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். உள்ளேயே தங்கி, மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு பூத்துப் பூச்சை உப்பவைத்துத் தள்ளும். உடனே இன்னும் கெட்டியான சிமென்டைப் பூசுவார்கள். ஓதம் இன்னும் ஒரு அடி மேலே போகும். நான் பார்க்கும் பழைய கட்டடங்களில் கைமருந்து போல் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறு இதுதான். சுவர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இடிக்கிறார்கள். நோய் சுவரில் இல்லை, பூச்சில் இருக்கிறது.

சரி, சிமென்டை எடுத்துவிடலாம். ஆனால் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடைக்குப் பின்னால் மண்மேடு. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் கான்கிரீட் தளம், அதன்மேல் காலி டப்பாக்கள். அங்கே நின்று எவ்வளவு யோசித்தும் விடை கிடைக்கவில்லை.

விடை பத்திரத்தில் இருந்தது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நைந்துபோன முத்திரைத்தாள். செக்குபந்தி விவரத்தில், அதாவது இடத்தின் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வடக்கே மண்மேட்டை ஒட்டிய வாய்க்கால் என்று எழுதியிருந்தது. கடைக்காரர் இரண்டு முறை வாசித்தார். "இங்க ஏதுங்க வாய்க்கால்? நான் பொறந்ததிலிருந்து பாத்ததில்லையே" என்றார்.

கான்கிரீட்டை உடைத்துத் தோண்டினோம். மூன்றடி ஆழத்தில், இரண்டு பக்கமும் கல் கட்டிய வாய்க்கால் மண்ணும் உடைந்த ஓடுமாக அடைந்து கிடந்தது. மேட்டிலிருந்து கசியும் தண்ணீரைச் சுவர்ப்பக்கம் விடாமல் ஓரமாகக் கொண்டுபோக அந்த நாளில் வெட்டியது. யாரோ இடம் வேண்டுமென்று தூர்த்திருக்கிறார்கள். தண்ணீருக்கு வேறு வழியில்லை, சுவருக்குள் போயிருக்கிறது.

மலைச்சரிவில் தண்ணீரின் வழியை அடைப்பது ஒரு கடையின் பிரச்சினையோடு நிற்காது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்புச் சுவரில் வடிதுளை விடாமல் கட்டுவதையும் ஓடைமேல் கான்கிரீட் போடுவதையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன.

வாய்க்காலைத் தூர்வாரி, சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை சுவரைச் சும்மா விட்டோம். இந்தக் காத்திருப்புத்தான் எல்லாருக்கும் கஷ்டம். கல் தெரியும் சுவரைப் பார்த்து வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய் ஊறவைத்த நீர். ஒரே தடவையில் கனமாக அப்பக் கூடாது. மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. மழையிலும் உறைபனியிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது. சிமென்டைவிட நாள் கூடுதலாகும், கூலியும் கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. மலையில் இடித்துவிட்டால் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்கும் அலைச்சல் வேறு. அடுத்த மழையில் சுவர் காய்ந்தே இருந்தது.

கடையின் கூரையைப் பிரித்தபோது, கைமரங்களை விற்றுவிட்டு இரும்பு போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய மரத்தின் அருமை மலைக்குப் புதிதல்ல. 1829-ல் அடிக்கல் நாட்டிய ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்த மரங்களைக் கொண்டுவந்துதான் உத்தரம் போட்டார்கள். இன்றும் தாங்குகின்றன. எங்கள் கூரையில் செல்லரித்தது இரண்டே கைமரங்கள். அவற்றை மட்டும் மாற்றினோம்.

ஊரைப் புதுப்பிப்பது என்றதும் பலருக்கு வளைவுகளும் செல்ஃபி இடங்களும்தான் ஞாபகம் வருகின்றன. சொல்லப்படும் வரலாறும் துரைமார்களோடு நின்றுவிடுகிறது. 1819-ல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வீடு கட்டியது பக்கத்துக் கன்னேரிமுக்கில்தான். சிதிலமாகிக் கிடந்த அந்த வீட்டைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது மிக நல்ல காரியம். ஆனால் இந்த ஊர்ப் பெயரில் இருப்பவர்கள் கோத்தர் பழங்குடியினர். மண்பாண்டமும் இரும்பு வேலையும் மர வேலையும் அவர்கள் கையில் இருந்தன. படகர் ஹட்டிகளின் (ஊர்களின்) விளைச்சல் இருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த குடும்பங்கள் இருக்கின்றன. மாவட்டத்தின் கடைவீதிகளில் புரண்ட பணத்தில் பெரும்பங்கு இவர்களுடைய உழைப்பு. கடைகளின் பழைய கடன் நோட்டுகளில் இந்தப் பெயர்களெல்லாம் இருக்கும். தயவுசெய்து அவற்றை எடைக்குப் போடாதீர்கள். பத்திரம், வரி ரசீது, கல்யாண போட்டோவில் பின்னால் தெரியும் கடைத் திண்ணை, எல்லாமே எனக்கு வரைபடம் மாதிரி. மாடி ஜன்னல்களை மறைத்த ஃப்ளெக்ஸ் போர்டைக் கழற்ற ஒரு துணிக்கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தது அப்படி ஒரு போட்டோதான். இப்போது அந்த மாடியில் பகலில் விளக்கு போடுவதில்லை. அவர் மகள் அங்கே தையல் மெஷின் போட்டிருக்கிறார்.

மளிகைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு டீக்கடை. அதன் பின்சுவரிலும் ஓதம். வாய்க்கால் அங்கேயும் நீண்டு போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்திரம் அரவேணுவில் இருக்கும் டீக்கடைக்காரரின் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவரோடு போய்ப் பார்க்கப்போகிறேன். அதுவரை ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.