வரியை நிறுத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள்

ஹூஸ்டனில் வீடு வாங்கிய ஒரு தம்பி பிப்ரவரியில் கூப்பிட்டார். "நம்ம சொத்து வரியை லாபிங்னு சொல்லி எம்.எல்.ஏக்களுக்கு லஞ்சமா கொடுக்கிறாங்களாம் அண்ணா, அதான் கட்டலை." ஜனவரி 31 தாண்டியதுமே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறிவிட்டது. இதே காரணத்தோடு இந்த மாதம் வந்த நான்காவது ஆள் அவர்.

அது லஞ்சம் இல்லை. லாபிங் என்றால், சட்டம் போடுபவர்களிடம் ஆள் வைத்து நம் தரப்பை எடுத்துச் சொல்வது. டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுன்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுன்டியில் 64 பேர், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸில் 47 லட்சம் பேர். இரண்டின் கவலையும் ஒன்றாக இருக்குமா? அதனால் பெரிய கவுன்டிகளுக்காகச் சட்டமன்றத்தில் பேச கான்ஃபரன்ஸ் ஆஃப் அர்பன் கவுன்டிஸ் என்ற தனி அமைப்பு உண்டு. கவுன்டி அதற்குச் சந்தா கட்டுகிறது. அந்தப் பணம் எந்த எம்.எல்.ஏ பையிலும் விழாது. பொதுப் பணத்தைத் தேர்தல் பிரசாரத்தில் போடவும் சட்டம் விடாது. ஏழைக் கைதிக்கு வக்கீல் வைக்கும் செலவில் பெரும்பங்கு கவுன்டி தலையில்தான் விழுகிறது. மாநிலமும் பங்கு தரட்டும் என்று யாராவது போய்க் கேட்கத்தான் வேண்டும்.

சரி, கோபத்தில் நியாயமே இல்லையா? உண்டு. வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் வரி வருவாயை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற சட்டம் 2019இல் வந்தபோது, உள்ளாட்சிகள் நம் பணத்திலேயே அதை எதிர்த்தன. எனக்கும் அது உறுத்துகிறது. இப்படிப்பட்ட லாபிங்கைத் தடுக்கும் மசோதா அதே வருடம் டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவையில் 58-85 என்று தோற்றது.

ஆனால் இதை மதிப்பீட்டு முறையீட்டில், அதாவது வரிக்காக வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகம் என்று முறையிடும் இடத்தில், போய்ப் பேசாதீர்கள். போன வருடம் ஒருவர் கிடைத்த நேரம் முழுக்க லாபிங் பற்றியே பேசினார். பக்கத்து வீடுகளின் விலைப் பட்டியல் மடியிலேயே கிடந்தது. முறையீட்டைக் கேட்கும் குழு வீட்டின் மதிப்பைத்தான் பார்க்கும்.

போக வேண்டிய இடம் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அது வழக்கு மன்றம் இல்லை. கவுன்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கும் இடம். பெரும்பாலான கவுன்டிகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் பட்ஜெட் அங்கே வரும். சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்தும் செலவை வரைவு பட்ஜெட்டில் தனி இனமாகக் காட்ட வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். அதைத் தேடிப் பிடியுங்கள். எந்த மசோதாவை எதிர்க்க நம் சந்தா போனது என்று எழுந்து கேளுங்கள். கிரீன் கார்டே இல்லை, எனக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். அங்கே பேச வாக்குரிமை தேவையில்லை.

அதுவரை தயவுசெய்து வரியைக் கட்டிவிடுங்கள். அந்தத் தம்பி மார்ச்சுக்குத் தள்ளினால் 9 சதவீதம்.